கயிற்றேணியின் ஆறாவது படி

பிப்ரவரி 18, கொச்சி

கரையில் கட்டிப்போட்டிருக்கும் கப்பலில் நின்றுகொண்டு வாந்தி எடுத்தேன். புது டைரியின் முதல் வரி இப்படி அமைந்ததில் எனக்கும் வருத்தம்தான். அலை இல்லை, காற்று இல்லை. கப்பல் ஆடியதாக வேறு எந்தப் பெற்றோரும் சொல்லவில்லை. காலையில் தின்ற புட்டும் கடலையும் கேப்டனுடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தன. என் தகப்பனார் தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு, இருபத்தைந்து வருஷம் பாய் விரித்துப் போய்வந்த மனிதர். அவர் மகன் இஞ்ஞாசி கோமஸ் இந்த லட்சணம்.

பெனிட்டாதான் வாளியில் கடல்தண்ணீர் மொண்டு வந்து கழுவிவிட்டாள். பத்தொன்பது வயதில், 'சமுத்ரிகா' என்ற மூன்று பாய்மரக் கப்பலில், பயிற்சி மாலுமியாக என் மகள் செய்த முதல் வேலை அது. கூட நின்ற அசாம்காரப் பையன் தேபோஜித் துடைப்பத்தோடு வந்து உதவினான். அவனும் பயிற்சிக்கு வந்தவன்தான். சிரிக்காமல் துடைத்தான். நல்ல வளர்ப்பு.

பெனிட்டா கல்லூரி என்.சி.சி.யின் கடற்பிரிவில் இருந்தவள். நாடு முழுக்கப் பன்னிரண்டு பேரைத்தான் எடுத்தார்கள். கப்பல் கொச்சி, மொரிஷியஸ், கேப் டவுன் என்று போய் செப்டம்பரில் திரும்புகிறது. சம்பளம் கிடையாது, சோறு உண்டு. கயிறு இழுக்க வேண்டும், தளம் கழுவ வேண்டும், பாய்மரத்தில் ஏற வேண்டும்.

அந்தக் கடைசி வேலையை எனக்குச் செய்து காட்டியதுதான் வினை. "டாடி, இங்க பாருங்க" என்று கயிற்றேணியில் ஏறினாள். நான் படிகளை எண்ணினேன். ஆறு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் புட்டு மேலே வந்துவிட்டது.

கப்பலில் எல்லோரும் டைரி எழுத வேண்டும் என்பது சட்டமாம். ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்தாள். செப்டம்பரில் மாற்றி வாசிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நான் பத்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு நீளமாக எழுதியது ஐஸ் பிளாண்டின் லீவு லெட்டர்கள்தான். அவற்றிலும் பாதி பொய்.

பிப்ரவரி 19, தூத்துக்குடி

வீட்டுக்குள் கால் வைத்ததும் என் மனைவி மெற்றில்டா கேட்டாள், பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று. கால் வீக்கத்தால் அவள் கொச்சிக்கு வரவில்லை. ரயிலில் முழுக்க யோசித்தும் பதில் தயாராகாமல்தான் வந்திருந்தேன். வாய் தானாகவே சொன்னது: அடுக்களையில்.

அவள் உடனே நம்பினாள். காரணம் இருக்கிறது. எங்கள் தோணிகளில் புதிதாக ஏறுகிறவனைப் பண்டாரியாகத்தான் போடுவார்கள், அதாவது சமையல்காரனாக. கடல் பழகிய பிறகுதான் பாயையும் கயிற்றையும் தொட விடுவார்கள். மெற்றில்டாவும் தோணிக்காரர் மகள்தான். அவளுக்கு வேறு கப்பல் தெரியாது.

அதோடு அவள் சத்துணவு அமைப்பாளர். எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டாள். முப்பத்திரண்டு பேர் என்றேன். முப்பத்திரண்டு பேருக்கு உப்பு கைப்பழக்கத்தில் வராதே, பிள்ளை திணறுமே என்று கவலைப்பட்டாள். பாய்மரத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட உப்பைப் பற்றிக் கவலைப்படுவது உடம்புக்கு நல்லது. நான் செய்தது தர்மம் என்றே படுகிறது.

பெனிட்டாவுக்கு: இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டாதே.

பிப்ரவரி 24

கப்பல் ஆபீஸின் வெப்சைட்டில் உலகப்படம் போட்டு, அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். அதுதான் கப்பல். தினம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை நகரும். கடல் நடுவே அவர்களுக்கு போன் கிடையாது. அவசரத்துக்கு கேப்டனிடம் மட்டும் சேட்டிலைட் போன்.

இன்று பன்னிரண்டு மணிக்கு நான் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு ஐஸ் பார் அரவை மெஷினில் விழாமல் தரையில் விழுந்து உடைந்தன. விசைப்படகு ஓட்டும் தொபியாஸ் அண்ணன் ஐஸ் ஏற்ற வந்திருந்தார். "புள்ளிய அடகாக்குதியாடே? குஞ்சு பொரிக்குமா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐஸ் ஏற்றி முடித்ததும் அவரே திரும்பி வந்து, எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

மார்ச் 3

என் தகப்பனார் போன மாலத்தீவை பெனிட்டா தாண்டிவிட்டாள்.

நானும் பத்தொன்பது வயதில் ஒருமுறை அந்தப் பக்கம் போனவன்தான். பண்டாரியாக ஏற்றினார்கள். மூன்று நாளும் குடல் வெளியே வந்தது. நான் ஆக்கிய சோற்றை மற்றவர்கள் பார்க்கக்கூட மறுத்தார்கள். மாலத்தீவிலிருந்து வேறொரு தோணியில், வெறும் சாக்கு மூட்டைகளோடு என்னையும் திருப்பி அனுப்பினார் தகப்பனார். அந்தப் பயணத்தில் பாய்மரத்தில் இருந்து ஓர் ஆள் விழுந்ததைப் பார்த்தேன். அதை எழுத வேண்டாம்.

கரைக்கு வந்து ஐஸ் பிளாண்டில் சேர்ந்தேன். ஐஸ் ஆடாது.

மார்ச் 6

ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்துகிறது. கப்பல் ஃபார்மில் ஒரு கேள்வி: எலும்பு முறிவு, மூட்டு நழுவல் ஏதாவது உண்டா? பெனிட்டா பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எட்டு வயதில் இடது தோள் நழுவியது உண்டு. பழைய துறைமுகத்தில் ஒரு தோணியின் கயிற்றேணியில் ஏறியபோது நடந்தது. ஏற்றிக் கட்டி ஒரு மாதம் வைத்திருந்தோம். அதன் பிறகு ஒன்றுமில்லை. பதினொரு வருஷம் ஒன்றுமில்லை.

இல்லை என்று போடச் சொன்னேன். போட்டாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நான் போட்டேன். உண்மையை எழுதினால் எடுக்க மாட்டார்கள். பிள்ளை ஆசைப்பட்டாள்.

அந்த நாளில் நான் பக்கத்தில்தான் நின்றேன். அவ்வளவுதான்.

மார்ச் 12

புள்ளி மூன்று நாளாக அதே இடத்தில்.

பூமத்திய ரேகைப் பக்கம் காற்று செத்துக் கிடக்கும், பயப்படாதே என்றார் தொபியாஸ் அண்ணன். என்ஜின் இருக்கிறதே, போட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு, பாயில் போகத்தானே பிள்ளையை அனுப்பினாய் என்றார். வீட்டில் மெற்றில்டா, அடுக்களை வெக்கையில் பிள்ளை கறுத்துப்போகும் என்றாள். சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன். தவசுகாலம் அல்லவா, ஒருசந்தி விரதம் என்று சொல்லிவிட்டேன். நான் ஒருசந்தி இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 13

புள்ளி நகர்ந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 14

பன்னிரண்டு மணிக்குப் புள்ளிக்குக் கீழே நான்கு வரி ஆங்கிலம் இருந்தது. இதுவரை அப்படி இருந்ததில்லை. ஐஸ் பிளாண்டின் பின்பக்கம் போய், அட்டை ஒன்றில் பென்சிலால் பார்த்து எழுதி, ஒவ்வொரு வார்த்தையாகப் போனில் அர்த்தம் பார்த்தேன். கூட்டிச் சேர்த்தால் வந்தது இது: பயிற்சி மாலுமி ஒருவர் பாய்மரத்தில் வேலை செய்தபோது விழுந்து காயம்பட்டிருக்கிறார். கப்பல் டாக்டர் கவனிக்கிறார். கப்பல் மொரிஷியஸை நோக்கி என்ஜினில் விரைகிறது.

பெயர் இல்லை.

கொச்சி ஆபீஸுக்கு ஒன்பது முறை அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அடுக்களைக்காரியின் அப்பா எப்படி முகம் வைத்திருப்பாரோ அப்படி வைத்துக்கொண்டேன். மெற்றில்டா கப்பலில் கேப்பைக் கூழ் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். கேட்டதற்கெல்லாம் உண்டு என்றேன்.

மார்ச் 15

காலை பத்து மணிக்கு ஆபீஸ்காரப் பெண் எடுத்தாள். காயம்பட்டவரின் குடும்பத்துக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் அது உங்கள் மகள் இல்லை என்றாள். சட்டையைக் கழற்றிச் சுழற்ற வேண்டும் போல இருந்தது. குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள், கண்ணீரும் குளிரால் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிறகுதான் உறைத்தது. அப்படியானால் இந்நேரம் வேறொரு ஊரில் வேறொரு அப்பா.

நாலு மணிக்கு அதே பெண் திரும்பக் கூப்பிட்டாள். நாளை மதியம் மூன்று மணிக்கு கேப்டன் என்னோடு பேச விரும்புகிறாராம். எதற்கு என்று அவளுக்குத் தெரியாதாம்.

மார்ச் 16

கேப்டன் பிலிப்போஸ் பேசினார். மலையாளி, ஆனால் சென்னைத் துறைமுகத்தில் இருந்ததால் தமிழ் வருகிறது. விழுந்தது தேபோஜித். இடுப்பு வாரில் உள்ள கொக்கியை ஒரு கயிற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற நேரத்தில் கால் வழுக்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெனிட்டா இடது கையால் அவனை எட்டிப் பிடித்திருக்கிறாள். பிடித்து நிறுத்தியும் விட்டாள். பிறகு அவள் தோள் நழுவியது. பையன் ஒன்றரை ஆள் உயரம் கீழே, பாய்மரத்தின் நடுவில் உள்ள மேடையில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உயிருக்குப் பயமில்லை. பெனிட்டாவின் தோளை டாக்டர் ஏற்றிவிட்டார். ஆனால் இது முதல்முறை நழுவியதாகத் தெரியவில்லை என்று டாக்டர் சொல்கிறார். ஃபார்மில் இல்லை என்று இருக்கிறது. அவளைக் கேட்டால், அப்பாவைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறாள்.

"மிஸ்டர் கோமஸ், இது புதுசா, பழசா?"

அந்த நேரம் பார்த்து லைன் கட் ஆகிவிட்டது.

மார்ச் 17

லைன் கட் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். லைன் பாவம். நான்தான் கட் செய்தேன்.

பிறகு போனையும் அணைத்து வைத்தேன். ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை, போன் மணி அடிக்கும் என்று பயந்து அதை ஐஸ் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

பழசு என்று சொன்னால் பெனிட்டாவை இறக்கிவிடுவார்கள். புதுசு என்று சொன்னால் அவள் அதே தோளோடு மறுபடி மேலே ஏறுவாள். அடுத்த தடவை மேடை இருக்குமா, வெறும் கடல் இருக்குமா? அப்பாவைக் கேளுங்கள் என்று அவள் ஏன் சொன்னாள் என்பதும் புரிகிறது. உண்மையைச் சொன்னால் என் கையெழுத்து பொய்யாகிவிடும். என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் நிற்கிறாள். நான் போனைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 18

காலையில் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு மெற்றில்டா எதிரே உட்கார்ந்தாள். போன் எங்கே என்று கேட்டாள். ரிப்பேர் என்றேன்.

"எந்தச் சமையக்காரிக்குய்யா உள்ளங்கையில கயிறு உரஞ்ச காய்ப்பு இருக்கும்?" என்றாள். "பொங்கலுக்கு வந்தப்பவே பிள்ள கையைப் பார்த்தேன். என்.சி.சி.யில பாய்க்கயிறு இழுக்குறது, கப்பல்ல மரம் ஏறப்போறது எல்லாம் அப்பவே எங்கிட்ட சொல்லிட்டா. நீங்க அடுக்களைன்னதும், சரி, இந்த மனுசன் அப்படிச் சொல்லிக்கிட்டாதான் தூங்குவாருன்னு விட்டேன். இப்பத் தூங்கவும் இல்லியே. என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

ஒரு மாதம் நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நடித்தேன். அவள் என்னைக் காப்பாற்றுவதற்காக உப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். எங்கள் இருவரில் யாருக்கு நடிப்பு வரும் என்பதில் சந்தேகமே இல்லை.

சொன்னேன். தேபோஜித் விழுந்தது, தோள் நழுவியது, ஃபார்ம், போனைப் பூட்டியது, எல்லாம். அவள் சத்தம் போடவில்லை. அந்தப் பையனின் அம்மா பெயர் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது. பிறகு சொன்னாள், அன்றைக்கு ஏணியிலிருந்து விழுந்த நாளிலேயே பிள்ளையைப் பெரிய டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும், விழுந்த பிள்ளையை நாம் லேசாக விட்டுவிட்டோம் என்று.

கஞ்சியைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

மார்ச் 19

ஆபீஸ் மூலமாகக் கேட்டு, இரண்டு மணிக்கு கேப்டன் லைனில் வந்தார். எழுதி வைத்து வாசித்தேன். இல்லாவிட்டால் நாக்கு நழுவிவிடும்.

பழசுதான் சார். எட்டு வயதில் நழுவியது. ஃபார்மில் இல்லை என்று போடச் சொன்னது நான். பிள்ளை கேட்டாள், நான்தான் சொன்னேன். அவள் மேல் தப்பில்லை.

கேப்டன், இதைச் சொன்னதற்கு நன்றி என்றார். கொச்சியிலேயே சொல்லியிருந்தால் அவளைத் தளத்து வேலைக்கு வைத்திருப்பேன், மேலே அவன் பக்கத்தில் தோள் உறுதியான வேறொருவர் நின்றிருப்பார், அந்தப் பையனும் இன்று நடந்துகொண்டிருப்பான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். முடிவை மொரிஷியஸில் எடுப்பதாகச் சொன்னார்.

எட்டு வயதில் எப்படி நழுவியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். கேட்கவில்லை.

மார்ச் 21

வேலை. இருநூற்று நாற்பது பார். ஒன்றும் உடையவில்லை.

மார்ச் 22

தொபியாஸ் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். ஐஸ் ஏற்றி முடித்து, நல்ல ஊளி மீன் ஒன்றைத் தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். கேலியே செய்திருக்கலாம்.

மார்ச் 24

குருத்தோலை ஞாயிறு. புள்ளி கரையைத் தொட்டது. போர்ட் லூயி. தேபோஜித்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அவன் அப்பா விமானத்தில் வருகிறார் என்று ஆபீஸில் சொன்னார்கள். கோவிலில் எல்லோரும் ஓலையை உயர்த்தியபோது நான் மட்டும் உயர்த்த மறந்து நின்றேனாம். மெற்றில்டா என் முழங்கையைத் தூக்கிவிட்டாள்.

மார்ச் 25

பெனிட்டா பேசினாள். முப்பத்தாறு நாளுக்குப் பிறகு.

சாயங்காலம் ஐந்து மணி. மெற்றில்டா போனை ஸ்பீக்கரில் போட்டு, முறத்தில் கிடந்த அரிசிக்கு நடுவே வைத்தாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. வெயிலா, அழுகையா தெரியவில்லை. நான் உண்மையைச் சொன்னதைப் பற்றிக் கோபம் இருக்குமோ என்று பயந்தேன். கேப்டன் சொன்னாராம், உன் அப்பா பேப்பர் பார்த்து வாசித்தார் என்று. அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தாள்.

தேபோஜித்தைப் போய்ப் பார்த்தாளாம். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நீ பிடிக்காவிட்டால் நேரே தளத்தில் விழுந்திருப்பேன் என்று அவன் சொன்னானாம். அவன் அப்பா மகன் காலைப் போர்த்திவிட்டு வெளியே போய்விட்டாராம்.

பிறகு சொன்னாள்: "கேப்டன் ரெண்டு வழி குடுத்திருக்காரு. இங்கேர்ந்து பிளேன் ஏறி ஊருக்கு வந்துரலாம். இல்லேன்னா கேப் டவுன் வரைக்கும் அடுக்களையும் சுக்கானும் மட்டும். அங்க டாக்டர் சரின்னா மறுபடி மரத்துல ஏறலாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம்."

அடுக்களை. ஒரு மாதம் கழித்து என் பொய் உண்மையாகிக் கிடக்கிறது. மெற்றில்டா என்னைப் பார்த்தாள். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்போம்.

நீ என்ன நினைக்கிறாய் பிள்ளை என்று அவள் கேட்டாள்.

"வந்துரலாம்னுதான் இருக்கேம்மா. டாக்டர் சரின்னாலும் நான் ஏற மாட்டேன். எனக்குக் கை நிக்காது. சின்னதுலயே ஏணியில கையை விட்டு விழுந்தவதானே. அது என் கூடவே வருது. அன்னைக்கு அவன் கையைப் பிடிச்சப்பவும், இப்ப விடப்போறேன், இப்ப விடப்போறேன்னுதான் மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நம்ம கை அப்படி. இல்லியா டாடி?"

மெற்றில்டா என் முகத்தைப் பார்த்தாள். அரிசிக்கு நடுவே போன் காத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

சாப்பிட்டாளாம்.

மார்ச் 26

லீவு போட்டிருக்கிறேன். லெட்டரில் உண்மையான காரணம் எழுதினேன்: மகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். மேனேஜர் இரண்டு தடவை வாசித்தார்.

வாயால் சொல்ல எனக்கு வராது, அது நேற்றே தெரிந்துபோயிற்று. இந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து மத்தியானத்துக்குள் உனக்கு அனுப்புகிறேன், பெனிட்டா. செப்டம்பர் வரை வைத்திருக்க முடியாது. பிறகு இதே பக்கத்தை அம்மா முன்னால் வைப்பேன். ஊருக்கு வா, கப்பலில் இரு, அதில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்.

நேற்று நான் சாப்பிட்டாயா என்று கேட்ட இடத்தில் சொல்லியிருக்க வேண்டியது இது. பதினொரு வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான்.

அன்றைக்குப் பழைய துறைமுகத்தில் நீ கயிற்றேணியின் ஆறாவது படியில் இருந்தாய். இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்குத்தான் கண் இருட்டியது. என் சின்ன வயதுப் பயணத்தில் பாய்மரத்திலிருந்து ஓர் ஆள் விழுந்ததைப் பார்த்தவன் நான், அவர்தான் எனக்குத் தெரிந்தார். சாக்கு மூட்டைமேல் ஏறி நின்று, எட்டி உன் இடது கையைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் கீழே இழுத்தேன். நீ வர மறுத்தாய். மறுபடி இழுத்தேன். தோளில் ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து, பிள்ளை விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். நீ மயக்கத்தில் இருந்தாய். கண் திறந்ததும் உன்னிடமும் அதையே சொன்னேன். நீ நம்பினாய்.

நீ விழவில்லை, பிள்ளை. நீ கையை விடவே இல்லை.